பதிமூன்றாம் குழியில் ஒரு கோரை

பந்து தேடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

பந்து என்றால் கோல்ஃப் பந்து. சின்ன எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், வெள்ளையாக, உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு போட்ட மாதிரி. புனேயில் கோல்ஃப் மைதானத்தில் களை எடுக்கும் வேலையில் பதினாறு வருஷம் இருந்தேன். நாங்கள் பதினொரு பெண்கள். அதில் நான் முகாதம், அதாவது அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. தமிழ் பேசுகிறவர்கள் நானும் இன்னொருத்தியும்தான், மற்றவர்கள் மராத்திக்காரிகள். அந்த இன்னொருத்திக்கு விஷ்ராந்த்வாடியில் என் வீட்டுக்கு அடுத்த வீடு. இரண்டு பேருக்கும் ஊர் திருவண்ணாமலைப் பக்கம். என்னைவிடப் பத்து வயசு சின்னவள், வாய் மட்டும் பத்து வயசு மூத்தது.

எங்கள் வேலை சொல்ல எளிது. புல் தவிர வேறு எதுவும் தரையில் இருக்கக் கூடாது. களை, கல், சருகு, சிகரெட் துண்டு, எது கண்ணில் பட்டாலும் எடுத்து மடியில் போட வேண்டும். தொலைந்துபோன பந்தும் அப்படித்தான் மடிக்கு வரும். சாயங்காலம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு தகர டப்பா இருக்கும், அதில் பந்துகளைக் கொட்டிவிட்டுப் போவோம். என் மடிக்கு வந்த பந்து ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை. இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சொல்வேன்.

களைகளில் எங்களுக்கு ஜென்ம விரோதி கோரை. மேலே ஒரு குத்து தெரிந்தால் கீழே மணிமணியாகக் கிழங்கு இருக்கும். இலையைக் கிள்ளினால் அது சிரிக்கும், நாலு நாளில் நாலு குத்தாக வரும். அடியில் இரண்டு விரலை விட்டு, லேசாக ஆட்டி, கிழங்கோடு இழுக்க வேண்டும். பதினாறு வருஷம் இதைச் செய்தால் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் புத்தி என்று ஒன்று தேவையில்லை. கோரை தெரியும், கை போய்விட்டு வந்துவிடும். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுகூட என் கை கீழே போனதுண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், மழைக்காலம் முடிந்த கையோடு, எங்கள் மைதானத்தில் பெரிய பந்தயம் என்று பேச்சு வந்தது. நாடு நாடாக அணிகள் வருகின்றன, நாலு நாள் ஆட்டம். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை, ஆசைக்கு ஆடுகிற பிள்ளைகள். அணிக்கு மூன்று பேர். அன்றன்றைக்கு மூவரில் நன்றாக ஆடிய இரண்டு பேருடைய அடிகளை மட்டும் கூட்டுவார்கள். நாலு நாளும் கூட்டி பதினெட்டுக் குழியிலும் பந்தை விழவைக்க யாருக்கு அடி குறைவோ அவர்களுக்குக் கோப்பை. அடி குறைந்தால் ஜெயம் என்கிற ஆட்டம் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

மைதானப் பொறுப்பாளர் பட்டாளத்திலிருந்து வந்தவர், மராத்திக்காரர். நாங்கள் சாகேப் என்று கூப்பிடுவோம், அவர் எங்களைப் பாயி என்பார், அம்மா என்கிற மாதிரி. அவர் எங்களைக் கூப்பிட்டு, நாலு நாளும் நீங்கள் வர வேண்டாம், வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் குர்ப்பா என்கிற களைக்கொத்தும் கையுமாக உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்றார். பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துக் கொடி காட்ட, பந்து தொலைகிற குழிகளில் ஆள் வேண்டுமாம். அதற்குக் காலேஜ் பிள்ளைகள் வருகிறார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. நான் என் இந்தியில் கேட்டேன், என் இந்தி அவருக்குப் பழக்கம்.

"சாகேப், அந்தப் பிள்ளைங்களுக்கு இந்தப் புல்லு தெரியுமா?"

"பாயி, பந்தைப் பார்க்கக் கண்ணு போதும். புல்லு எதுக்குத் தெரியணும்?"

"அப்படியா? பத்துப் பந்து அடிங்க. நீளப் புல்லுல அடிங்க. அவங்களும் தேடட்டும், நாங்களும் தேடறோம்."

அவருக்கும் சூதாட்டப் புத்தி கொஞ்சம் உண்டு. பத்துப் பந்தை எடுத்து ஐந்தாம் குழிக்குப் பக்கத்துக் காட்டில் அடித்தார். வந்திருந்த காலேஜ் பிள்ளைகள் முதலில் இறங்கினார்கள். கண்ணாடி போட்டவன், போடாதவன், எல்லாரும் தேடி ஆறு எடுத்தார்கள். பாக்கி இல்லை என்று கையை உதறினார்கள். பிறகு நாங்கள் போனோம். பாக்கி நாலும் வந்தது, போன வருஷத்துப் பந்து மூன்றும் சேர்ந்து வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி மடியை விரித்துக் காட்டி, "சாகேப், பத்து போட்டா பதிமூணு மொளைக்குது. நல்ல மண்ணு!" என்றாள். சாகேப் சிரித்துவிட்டார்.

ஆனால் சிரிப்போடு ஒரு பேச்சும் சொன்னார். "சரி, நீங்களே நில்லுங்க. ஒரே ஒரு தப்பு நடந்தாலும் பதினோரு பேரும் வெளியே. அப்புறம் நீ முகாதமும் இல்லை. சம்மதமா?"

"சம்மதம்," என்றேன். மற்ற பத்துப் பேரை நான் கேட்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு, அவர்கள் மேலும் என் மேலும்.

பந்தயத்துக்கு எங்களுக்கு வெள்ளைத் தொப்பி கொடுத்தார்கள். முக்காட்டுக்கு மேல் தொப்பி. கையில் ஆளுக்கு ஒரு சின்னக் கொடி. பந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் போய்க் கொடியைத் தூக்க வேண்டும், தொடக் கூடாது. இதை சாகேப் மூன்று மொழியில் மூன்று தடவை சொன்னார். நான் என் பெண்களுக்கு இன்னும் மூன்று தடவை சொன்னேன்.

எனக்குப் பதிமூன்றாம் குழி. வலது பக்கம் கருவேல மரங்களும் முழங்கால் புல்லும், பந்து தின்னும் இடம். அதனால்தான் அதை நானே எடுத்துக்கொண்டேன். எதிர்ப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள்.

வந்தவர்களின் நாட்டுப் பெயர் சட்டையில் இருந்தது, ஆனால் இங்கிலீஷில். எனக்குத் தமிழ் எழுத்தே எழுத்துக்கூட்டித்தான் வரும். தொப்பி நிறத்தை வைத்துப் பிடித்துக்கொண்டோம். நீலத் தொப்பி நம் பிள்ளைகள். மஞ்சள் தொப்பி, சிவப்புத் தொப்பி, பச்சைத் தொப்பி என்று வரிசையாக வந்தார்கள். முதல் நாள் பக்கத்து விமானப் படைத் தளத்து ஜெட் ஒன்று தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது. மஞ்சள் தொப்பிக்காரன் அடிக்க ஓங்கிய கையோடு உட்கார்ந்தே விட்டான். எங்களுக்கு அந்தச் சத்தம் கொசுச் சத்தம்.

முதல் நாள் என் பக்கம் ஏழு பந்து வந்தது. ஏழுக்கும் கொடி தூக்கினேன். எங்கள் பதினொரு பேரிடமும் ஒரு பந்துகூடத் தொலையவில்லை. சாயங்காலம் சாகேப் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பச்சைத் தொப்பி அணியில் ஒருவன் முதல் நாளே வயிறு கெட்டுப் படுத்துவிட்டான் என்று அந்த அணியின் கேடி சொன்னான். கேடி என்றால் ஆடுகிறவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் ஆள். உள்ளூர்ப் பையன்தான், எங்களுக்குத் தெரிந்தவன். மூவரில் ஒருவன் படுத்தால் பாக்கி இரண்டு பேர் அடித்தது அத்தனையும் கணக்கில் ஏறும், தப்பிக்க வழியில்லை. அந்த அணியும் நம் நீலத் தொப்பிகளும் மூன்றாம் இடத்துக்கு முட்டிக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டாம் நாள் காலை. நின்ற இடத்திலிருந்து ஏழெட்டு அடியில் இரண்டு கோரைக் குத்து. ஒரு சாண் இடைவெளியில், அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில். முதல் நாள் இது எப்படி என் கண்ணில் படவில்லை என்று எனக்கே ஆத்திரம். ஆட்டம் நடக்கும்போது எதையும் பிடுங்கக் கூடாது என்று சட்டம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பினாலும் தெரிந்தது.

பச்சைத் தொப்பிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தான். பந்து என் பக்கம் விலகி வந்தது. கருவேல மரத்தில் டொக்கென்று மோதிய சத்தம் கேட்டது. எதிர்ப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரியும் கையை விரித்தாள், விழுந்ததை அவளும் பார்க்கவில்லை. நான் புல்லுக்குள் இறங்கினேன். அவர்கள் வந்து சேருவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். வந்தபின் அவர்களுக்குத் தேட ஐந்து நிமிஷம்தான். கிடைக்காவிட்டால் தொலைந்த கணக்கு, பழைய இடத்துக்குப் போய்த் திரும்ப அடிக்க வேண்டும், ஒரு அடி தண்டமும் உண்டு.

குனிந்து நடந்தேன். அந்தக் கோரைக்குப் பக்கத்தில், பாதி புதைந்து, வெள்ளையாகத் தெரிந்தது. கிடைத்துவிட்டது என்று மனசு துள்ளியது. துள்ளின மனசுக்கு முன்னால் கை போய்விட்டது. கோரை கிழங்கோடு வந்தது. பந்தும் வந்தது. முந்தானையில் மண்ணைத் துடைத்தேன், மடியில் போட்டேன். எல்லாம் ஒரே வீச்சு.

மடியில் அது விழுந்த கனம் தொட்டதும்தான் புத்தி வந்தது.

அப்படியே நின்றேன். ஆடுகிறவர்கள் இன்னும் தூரத்தில், பேசிக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்தவள் எதிரில் இருந்தவள் ஒருத்திதான். வேகமாக என் பக்கம் வந்தாள்.

"இன்னாக்கா பண்ணிட்ட?"

"எடுத்துட்டேன்டி."

"எடுத்த எடத்துல வெச்சிடு. யாரு பாத்தா?"

வைக்கக் குனிந்தேன். வைக்க முடியவில்லை. கோரை இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி. பந்து சேறு இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. அது புதைந்து கிடந்த மாதிரி நான் அழுத்தி வைத்தால் அது நான் வைத்த பந்து. அழுத்தாமல் வைத்தால் அந்தப் பையனுக்கு நான் கொடுத்த சலுகை. எப்படி வைத்தாலும் அது அவன் அடித்த பந்து இல்லை.

அவள் அதற்குள் இன்னொரு யோசனைக்குப் போய்விட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இல்லன்னா வைக்காத. மடியிலயே கெடக்கட்டும். தேடிட்டுப் போவானுங்க. நம்ம பசங்களுக்கு நல்லதாப் போவும். உனுக்கும் முகாதம் வேல நிக்கும், நம்ம பதினோரு பேருக்கும் நிக்கும்."

"என் மடியில வந்த பந்து ஆபீசுக்குத்தான் போயிருக்கு."

"ஐயோ, இப்ப ஆபீச இழுக்காதக்கா! வந்துட்டானுங்க!"

"நீ உன் எடத்துக்குப் போ. உனுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனுக்குத் தெரியும்னு நான் சொல்லிட்டாதான் இன்னா?" என்று முறைத்துவிட்டு, ஓடாமல், என் பக்கத்திலேயே நின்றாள். அதையும் நான் மறக்கவில்லை.

மடியிலிருந்து பந்தை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து, கையை நீட்டித் தூக்கினேன். இன்னொரு கையில் கொடி. கால் இரண்டும் கோரை பிடுங்கிய குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இடம் மாறாதபடிக்கு. அப்படியே அவர்கள் வரும்வரை நின்றேன். கை வலித்தது. இறக்கவில்லை.

அந்தப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். முகம் வெயிலில் சிவந்திருந்தது. என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கேடி ஓடி வந்தான்.

"மாவசி, இது என்ன?" என்று மராத்தியில் கத்தினான். மாவசி என்றால் சித்தி.

"உங்க பந்து. கை பழக்கத்துல எடுத்துட்டேன். ரெஃப்ரியைக் கூப்பிடு."

ரெஃப்ரி, அதாவது நடுவர், வயசான வெள்ளைக்காரர். சாகேபும் கூடவே வந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ரெஃப்ரி இங்கிலீஷில் கேட்க, கேடி மராத்தியில் சொல்ல, நான் பதில் சொன்னேன்.

"எங்கே இருந்தது?"

குனிந்து காட்டினேன். "இந்தக் குழி கோரை இருந்த குழி. அதுக்கு இந்தப் பக்கம், ஒரு விரல் தள்ளி."

"மேலே இருந்ததா, புல்லுக்குள் இறங்கி இருந்ததா?"

கேடி இதை மொழிபெயர்த்துவிட்டு, கேள்வியோடு சேர்த்தே, மேலே இருந்தது என்று சொல்லு மாவசி என்று முணுமுணுத்தான். அவனுடைய ஆட்டக்காரனுக்கு அடிக்க வசதியாக இருக்குமே என்று.

"பாதி புதைஞ்சு இருந்தது," என்றேன். கேடி அதை மொழிபெயர்க்கவில்லை. நான் விரலை மடக்கி ரெஃப்ரிக்கே காட்டினேன், இவ்வளவு உள்ளே, இவ்வளவு வெளியே. அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஆட்டத்தில் இல்லாத ஆள் பந்தை எடுத்துவிட்டால் ஆடுகிறவனுக்குத் தண்டம் கிடையாதாம். பந்து இருந்த இடம் கெட்டுப்போயிருந்தால், ஒரு மட்டை நீளத்துக்குள், பந்து போய் விழ வேண்டிய குழிக்குக் கிட்டப் போகாமல், அதே மாதிரியான இன்னொரு இடத்தில் வைக்க வேண்டுமாம். அதே மாதிரி இடம் எது என்று அவர் கீழே பார்த்தார். அவருக்கு எல்லாம் புல்லாகத்தான் தெரிந்தது.

நான் சொன்னேன், "இதோ." ஒரு சாண் தள்ளி இருந்த தங்கைக் கோரையைக் காட்டினேன். அதே உயரம், அதே அடர்த்தி, அடியில் அதே பொதபொத மண். அது ஆட்டக் குழிக்கு முன்னைவிடக் கிட்டவும் இல்லை, பக்கவாட்டில்தான். ரெஃப்ரி உட்கார்ந்து இரண்டு இடத்தையும் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பையன் தன் கையால் பந்தை அங்கே வைத்தான். அடித்தான். கோரையின் இலை பாதி அறுந்து பறந்தது, பந்து வெளியே வந்து விழுந்தது. போகும்போது என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். சாகேப் என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் பம்பு ஷெட்டுக்குப் பின்னால் எல்லாரையும் நிறுத்தினார்.

"நான் என்ன சொன்னேன், பாயி?"

"ஒரு தப்புன்னு சொன்னீங்க. நடந்தது. என் கை செஞ்சது, இவங்க கை செய்யல. என்னை எடுங்க. இவங்க நிக்கட்டும்."

"நாளைக்கு இவங்க கையும் செய்யும்."

அது நியாயமான பயம். அதற்கும் நான் யோசித்து வைத்திருந்தேன். "செய்யாது. ஆளுக்கு ரெண்டு கொடி கொடுங்க. ரெண்டு கையும் நெறஞ்சிருந்தா எது குனிஞ்சு எடுக்கும்?"

சாகேப் என் தொப்பியை வாங்கிக்கொண்டார். பத்துப் பேருக்கு இரண்டிரண்டு கொடி கொடுக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் நான் ஷெட்டுக்குப் பின்னால் நாற்றுப் புல் பாத்தியில் உட்கார்ந்து களை எடுத்தேன். என் இடத்தில் காலேஜ் பையன் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. வெட்கம் இல்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி சாப்பிட வந்தாள்.

"உன் காட்டுல ரெண்டு பந்து காணலக்கா. ஒண்ணு நம்ம நீலத் தொப்பியோடது."

"ஐயையோ. நம்ம பசங்களோடதா?"

"ஆமா. அந்தக் காலேஜ் புள்ள ஊரெல்லாம் தேடறான். எனுக்குத் தெரியும் அது எங்க கெடக்குதுன்னு. எதிர்ப்பக்கம் போவக் கூடாதுன்னு என்னை நிறுத்திட்டாங்க. ரெண்டு கையிலயும் கொடி வேற, பைத்தியக்காரி மாதிரி ஆட்டிக்கினு நின்னேன்."

நாலாம் நாள் விடிந்ததும் சாகேப் நாற்றுப் பாத்திக்கு வந்தார். கையில் என் தொப்பியும் இரண்டு கொடியும். நீட்டினார். மன்னிப்பு, சமாதானம் என்று ஒரு வார்த்தை கிடையாது. "நட, பாயி," என்றார். நான் வாங்கித் தொப்பியை மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பதிமூன்றாம் குழி வரைக்கும் நடந்தோம்.

அன்றைக்கு முழுவதும் இரண்டு கையிலும் கொடியோடு நின்றேன். ஐந்து பந்து வந்தது, ஐந்துக்கும் கொடி தூக்கினேன். அதில் ஒன்று பந்தயத்துக்கு முன்னால் நான் வழக்கமாகப் பந்து பொறுக்கிய இடத்தில், மர வேருக்குள் கிடந்தது. கொடியால் காட்டினேனே தவிர விரலை விடவில்லை. ஆனால் தங்கைக் கோரை அங்கேயே இருந்தது. பாதி அறுந்த இலையோடு, காலையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு. மத்தியானத்துக்குள் நடுவில் புதுக் குருத்து நீட்டியிருந்தது. அந்தத் திமிரைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு அந்தப் பந்தயத்தின் பெரிய வேலை.

முடிவில் பச்சைத் தொப்பிக்காரர்கள் மூன்றாம் இடம். நம் நீலத் தொப்பிகள் ஒரே ஒரு அடி கூடுதலாக நாலாம் இடம். பக்கத்து வீட்டுக்காரி இதைச் சும்மா விடுவாளா? அடுத்த பத்து வருஷம், நான் எது கேட்டாலும் இதுதான். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொன்னால், "அன்னிக்கி மடியில வெச்சிருந்தா நம்ம பசங்க மூணாவது வந்திருப்பாங்க, நீ எனுக்கு உப்பு சொல்ல வர்ற," என்பாள்.

நானும் விடமாட்டேன். "காலேஜ் பையன் தொலைச்ச பந்தைக் கேளுடி. என்னை நிறுத்தியிருந்தா அது தொலைஞ்சிருக்காது, நாமதான் மூணாவது," என்பேன். இது நிஜம். வேண்டுமானால் அடியைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி நாள் சாயங்காலம் கொடிக்கம்பங்களில் இருந்து நாட்டுக் கொடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கோப்பை கொடுக்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள், பாண்டு சத்தம் கேட்டது. சாகேப் என்னையும் வரச் சொன்னார். பின்னாலேயே வருகிறேன் என்றேன்.

பதிமூன்றாம் குழிக்குப் போனேன். கொடிகள் இரண்டையும் கருவேல மரத்தில் சாய்த்து வைத்தேன். கோரையின் அடியில் இரண்டு விரலை விட்டு, லேசாக ஆட்டி, இழுத்தேன். மூன்று கிழங்கு, ஒன்றுகூட அறுபடாமல் வந்தது. மண்ணை உதறி மடியில் போட்டுக்கொண்டு, கை தட்டுகிற பக்கம் நடந்தேன்.